பூஜைத் தட்டில் இருந்த கத்தரி

உத்திரமேரூரில் நான் நடத்திவந்த சிறிய மருத்துவமனையில் ஆண்டுதோறும் ஆயுத பூஜை உண்டு. கத்தரி, இடுக்கி, ஊசி பிடிக்கும் கருவி எல்லாவற்றையும் தட்டில் பரப்பிச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். ஆட்டோகிளேவ் நீராவியில் சுத்தம் செய்த ஒரு செட்டை மட்டும் அவசரத்துக்கென்று நர்ஸ் தனியே கட்டி வைத்திருப்பார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பூஜையன்று, காலையில் வந்த விபத்துக் காயத்துக்கு அதையும் பயன்படுத்திவிட்டோம்.

பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தபோது மானாம்பதியிலிருந்து ஒருவர் தன் மனைவியை அழைத்துவந்தார். மாட்டுக்குப் புல் அறுக்கையில் அரிவாள் உள்ளங்கையைக் கிழித்திருந்தது. நடவுக்குப் போகிற கை. ஆழமில்லை, தையல் போட்டால் போதும்.

வீட்டில் விருந்தாளிகள் காத்திருந்தார்கள். தட்டிலிருந்த கருவிகளை ஸ்பிரிட்டில் துடைத்துத் தரச் சொன்னேன். நர்ஸ் தயங்கினார்.

"குங்குமம் சந்துல எல்லாம் பூந்துகினு கீது சார். கழுவி ஆட்டோகிளேவ்ல வெச்சிக் குடுத்துடறேன்."

"சாமி குங்குமத்துலயே கிருமி கண்டுபுடிச்சிட்டீங்களா சிஸ்டர்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் துடைத்துக் கொடுத்தார். அவற்றைக் கொண்டே தையல் போட்டு அனுப்பினேன்.

அடுத்த வாரம் கை வீங்கிச் சீழ் வைத்து வந்தார் அந்தப் பெண். அரிவாளிலும் மண் இருந்திருக்கலாம்தான். ஆனால் நான் செய்தது எனக்குத் தெரியும். கையைத் தண்ணீரில் வைத்தீர்களா என்று கேட்டேன். பாத்திரம் துலக்கியதாகச் சொன்னார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. "அதனாலதான்" என்றேன். கணவர் அங்கேயே அவரைத் திட்டினார். சீழைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ் நிமிரவில்லை. புண் ஆறியது. ஆனால் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. நடவுக்குப் போவது நின்றுபோனது.

மருத்துவமனையை மூடிய பிறகு, சென்ற ஆண்டு, பஸ் நிலையத்தில் அந்தப் பெண்ணையும் கணவரையும் பார்த்தேன். நடந்ததைச் சொல்லி, தவறு என்னுடையது என்றேன். கணவர் நம்பவில்லை.

"இவ தண்ணில கைய வெச்சதுக்கு நீங்க இன்னா சார் பண்ணுவீங்க" என்று சிரித்தார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார். இத்தினி வருசமா வூட்ல நான்தான பேச்சு வாங்கிக்கினு கீறேன்."

அவர்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். அவர்களுடைய பஸ் கிளம்பும்வரை ஜன்னலோரம் நின்று, கணவரிடம் மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.