சுண்டுவிரல் படும் தூரம்

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்கள் வேலை நேரத்தில் பேசுவதில்லை. பேச முடியாது. பனையோலையில் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, முட்டிபோட்டால் மார்பு வரை வரும் உப்புத் தண்ணீரில், அடியில் முளைத்திருக்கும் பாசிப்புல்லுக்குள் இரண்டு கைகளையும் விட்டுத் தடவியபடியே நகர வேண்டும். பறி மோவாய்க்குக் கீழே மிதந்து வரும். அகப்பட்டதை அதில் போட்டுவிட்டு மறுபடி தடவ வேண்டும்.

இதைத் தனியாகச் செய்கிறவன் பாதி வயிற்றோடுதான் படுப்பான். இறால் முன்னால் ஓடாது. வாலை மடக்கிப் பின்னாலும் பக்கத்திலும் தெறிக்கும். அதனால் குப்பத்து ஆட்கள் வரிசையாகத்தான் இறங்குவார்கள். ஒவ்வொரு தடவலின் முடிவிலும் நம் சுண்டுவிரல் பக்கத்து ஆளின் சுண்டுவிரலில் பட வேண்டும். பட்டால் நடுவே சந்து இல்லை என்று அர்த்தம். என் கையிலிருந்து தப்பியது அடுத்தவர் கைக்குப் போகும், அவருடையது எனக்கு வரும்.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே இருந்தபோது எனக்குப் பக்கத்து ஆள் கிடையாது.

நான் திருவாலங்காட்டுப் பக்கம். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில் வண்டிகளில் வேர்க்கடலை விற்றேன். பள்ளிப்பட்டில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் அடுப்புக்குச் சக்கை தள்ளினேன். காட்டுப்பள்ளிப் பக்கம் சவுக்கு வெட்டினேன். எங்கேயும் ஒரு வருஷம் முழுசாகத் தங்கவில்லை. யாரும் துரத்தவில்லை, காலுக்கு அப்படி ஒரு பழக்கம். ஏரிக்கு வந்தது சுண்ணாம்புக் காளவாய்க்குக் கிளிஞ்சல் சுமக்க. மழை பிடித்ததும் காளவாயை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். நான் காலியான கொட்டகையிலேயே படுத்துக்கொண்டேன். ஒரு பழைய பறி அங்கே கிடந்தது.

குப்பத்து வரிசை எனக்கு எட்டத்தில் போகும். நான் புல்லின் மறுகரையில் ஒண்டியாகத் தடவுவேன். பிடித்ததைச் சைக்கிளில் பெட்டி கட்டி வரும் வியாபாரியிடம் கொடுத்து அரிசி வாங்குவேன். மணலில் தோண்டிய ஊற்றில் தண்ணீர். சில நாட்கள் என் வாயிலிருந்து வந்த ஒரே சத்தம் இருமல்தான். அந்தத் தையில், இடம் மாறாமல் இருந்துவிடலாம் என்று முதல்முறையாக நினைத்தேன். ஆனால் இருக்க வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

ஒரு காலையில் ஒருத்தி எனக்குப் பக்கத்தில் வந்து முட்டிபோட்டாள். என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பாள். பறியின் கயிற்றைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"நவுரு கொஞ்சம். ஒண்டியா தடவிக்கினு இன்னா பண்றே? உன்கிட்டருந்து தப்பிச்சதெல்லாம் ஆந்திராவுக்கே போய்ச் சேந்துடும்."

அதோடு கயிற்றைக் கடித்துக்கொண்டாள். முதல் தடவலில் அவள் சுண்டுவிரல் என் சுண்டுவிரலில் வந்து இடித்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன். அவள் கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள்.

"கடிச்சுடமாட்டேன். நீட்டு."

நீட்டினேன். வேறொரு மனிதரின் கை என்மேல் பட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அப்போது தோன்றியது. அன்று பறி கழுத்துவரை நிறைந்தது.

அவள் அந்தக் குப்பத்துக்காரிதான். வரிசைக்குத் தலைவி அவளுடைய ஓரகத்தி, புருஷனின் அண்ணன் பெண்டாட்டி. ஒரு கல்யாணப் பந்தியில் இவளுக்கு இலை போடாததில் தொடங்கிய சண்டை. அதற்குப் பிறகு ஓரகத்திக்குப் பயந்து யாரும் இவளுக்குப் பக்கத்தில் இறங்குவதில்லை. அவளுக்கும் ஆள் இல்லை, எனக்கும் இல்லை. அவ்வளவுதான் எங்கள் சேர்க்கை.

முதுகு நிமிர்த்த எழுந்து நிற்கும்போது மட்டும் பேச்சு. அப்போது அந்த வரிசையும் நிமிர்ந்தால், தண்ணீருக்கு மேலே ஏச்சு பறக்கும்.

"இன்னாம்மே, புது வரிசை ஆரம்பிச்சுக்கினியா? ரெண்டு பேருக்கு ஒரு தலைவி வேணுமே!"

"நான்தான் தலைவி. உனக்கு எடம் கெடையாது, போ!"

இவள் சிரித்துக்கொண்டேதான் கத்துவாள். ஆனால் திரும்ப முட்டிபோடுமுன் அந்த வரிசையை ஒருமுறை எண்ணுவது போலப் பார்ப்பாள். அவள் இருக்க விரும்பிய இடம் அதுதான். எனக்குத் தெரிந்தே இருந்தது.

மாசி பிறந்த பிறகு ஒருநாள் அந்தப் பக்கமிருந்து அலறல் கேட்டது. வாலில் விஷ முள்ளோடு திருக்கை மீன் புல்லில் படுத்துக் கிடக்கும். அதனால் அங்கே யாரும் காலைத் தூக்கி வைக்கமாட்டார்கள், தேய்த்துத்தான் நகர்வார்கள். ஓரகத்தி எழுந்தவள் மறந்துபோய் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டாள்.

எனக்குப் பக்கத்திலிருந்தவள் கயிற்றைத் துப்பிவிட்டு ஓடினாள். திருக்கை கிடக்கிற அதே புல்லில், காலைத் தூக்கித் தூக்கி வைத்து, தண்ணீர் தெறிக்க ஓடினாள். ஓரகத்தியைத் தோளில் சாய்த்துக் கரைக்கு இழுத்துப் போனது அவள்தான். அவளுடைய பறி மிதந்துகொண்டு கிடந்தது. அதையும் பிடித்துக்கொண்டு நான் கரையேறினேன்.

சாயங்காலம் பறியைக் கொடுக்கக் குப்பத்துக்குப் போனேன். வாசலில் அடுப்பு எரிந்தது. ஓரகத்தியின் வீங்கிய காலை ஒரு பானைக்குள் வைத்து இவள் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா ஊத்துடி. என் காலை இன்னா சோறாக்கப் போறியா?"

"சூடு தாங்குனாதான் வெசம் எறங்கும். வாய் தாங்குது, கால் தாங்கலியா?"

"பந்தியிலயும் இப்டித்தான் பேசுன."

"நீ எலை போட்டிருந்தா நான் ஏன்க்கா பேசறேன்?"

இரண்டு பேரும் அழுதார்கள், சிரித்தார்கள். சுற்றி நின்ற பெண்களும் சிரித்தார்கள். நான் வேலியோரம் பறியோடு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் பார்த்தாள்.

"வெச்சுட்டுப் போ தம்பி."

வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் வரிசை அவளைக் கூப்பிட்டது. ஓரகத்தி காலில் துணி சுற்றிக் கரையில் உட்கார்ந்து அதிகாரம் செய்தாள். இவள் தண்ணீரில் இறங்குமுன் என்னைக் கைகாட்டினாள்.

"அவனையும் சேத்துக்கோக்கா. நல்ல கை."

ஓரகத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை.

"வரட்டும். ஓரமா வரட்டும்."

ஓடிப்போய் ஓரத்தில் முட்டிபோட்டேன். இவள் நடுவில் இருந்தாள். எனக்குப் பக்கத்தில் வேறொரு பெண். முதல் தடவலில் கையை முழுசாக நீட்டினேன், விரல் எதிலும் படவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அந்தப் பெண்ணின் கை அதே அளவு அவள் பக்கம் உள்வாங்கியது. எங்களுக்கு நடுவே ஒரு சாண் இடம் நின்றது. நான் கிட்டே நகர்ந்தால் அவள் தள்ளி நகர்ந்தாள். எல்லோர் வாயிலும் கயிறு. இறால்கள் என் மணிக்கட்டை உரசிக்கொண்டு அந்தச் சந்தில் போவது தெரிந்தது.

முதுகு நிமிர்த்த எழுந்தபோது நடுவிலிருந்து குரல் வந்தது.

"இன்னா தம்பி, பறி காலியா கீது?"

"தண்ணி கலங்கிடுச்சுக்கா."

தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. அவள் என் பறியைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தாள், அந்தப் பெண் முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த கையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். ஒன்று சொன்னால் அன்றைக்கே அவள் மறுபடி வரிசைக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும். நான் அவசரமாகக் கயிற்றைக் கடித்து முட்டிபோட்டேன். கொஞ்சம் கழித்து அவளும் முட்டிபோட்டாள்.

கரை வரும் வரை தடவினேன். பறியைக் கொட்டகையில் எடுத்த இடத்திலேயே வைத்தேன். மறுநாள் வரிசை இறங்குமுன் கிளம்பிவிட்டேன். நான் இருந்தால் என்றைக்காவது அவள் பேசிவிடுவாள்.

கும்மிடிப்பூண்டியில் அப்போது தொழிற்சாலைகளுக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. கேட்டதும் வேலை கொடுத்தார்கள். சாரத்தின் மேல் செங்கல்லைக் கைமாற்றி அனுப்பும் வரிசையில் நிறுத்தினார்கள். எனக்கு மேலே நின்றவன் பள்ளிப்பட்டுக்கும் அப்பால் தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவன். செங்கல் மாறும்போது அவன் விரல்கள் என் விரல்கள்மேல் அழுத்தின. நான் செங்கல்லை விடாமல் நின்றுவிட்டேன்.

"இன்னா நைனா, குடு!" என்றான்.

கொடுத்தேன். கீழேயிருந்து அடுத்த செங்கல் வந்தது.