வாட்டம் மேஸ்திரி

பெற்றவர்கள் வைத்த பேர் அவருடைய அக்காவைத் தவிர யாருக்கும் ஞாபகமில்லை. தளம் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவர் சிமெண்ட் போட்ட முற்றத்தில் மருந்துக்குக்கூட ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது. தானே வழி பார்த்துத் தெருவுக்கு ஓடிவிடும். தரைக்குக் கொடுக்கும் அந்தச் சரிவுக்குக் கொத்தனார்கள் சொல்வது வாட்டம். அதுவே அவருக்குப் பேராகிவிட்டது.

மேட்டுத் தெருவில் வீடுகள் பெருகப் பெருக, செடி இருந்த மண்ணையெல்லாம் மூடச் சொன்னார்கள். மகாராஜாக்களுக்குக் காலில் சேறு ஒட்டக்கூடாதாம். இவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து மூடினார். மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று அவர்களும் கேட்கவில்லை, இவரும் யோசிக்கவில்லை. போனது பள்ளத் தெருவுக்கு. அங்கே கடைசி வீடு அக்காவுடையது.

தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். ஆயுசு முழுக்க அடுத்தவர் துணிக்கு இஸ்திரி போட்டுக் கட்டிய வீடு அது. முதலில் வாசற்படி நனைந்தது. அப்புறம் கட்டில் கால் முங்கியது. போன மழையில் இஸ்திரிக்கு வந்த மூட்டையே மிதந்தது. "இன்னொரு தடவை தண்ணி வந்தா வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துடணும்" என்று வெளியூரிலிருந்த மகன் கறாராகச் சொல்லிவிட்டான். மருமகள் கையை எதிர்பார்த்து ஒரு மூலையில் கிடப்பதை நினைத்தாலே அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் மேட்டில் மிச்சமிருந்த காலி மனையில் அடுக்குமாடி வந்தது. மழைத்தண்ணீரைத் தேக்க வரைபடத்தில் ஒரு குழி இருந்தது. கட்டுபவர் அதைத் தூர்த்துக் கார் நிறுத்த இடமாக்கச் சொன்னார். மேஸ்திரி வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டுமென்றே வாட்டத்தைத் திருப்பிப் போட்டார். தண்ணீர் தெருவுக்குப் போகாமல் பின்சுவரோரம் மண்ணில் இறங்கட்டும் என்று கணக்கு.

முதல் தூறலிலேயே சுவரோரம் குட்டையாயிற்று. வீடு வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

"வாட்டம் மேஸ்திரிக்கே வாட்டம் மறந்துபோச்சா?" என்று கட்டுபவர் சிரித்தார்.

"மறக்கல சார். கீழே எங்கக்கா வீடு இருக்கு."

"அதுக்கு நான் என்ன பண்றது? உடைச்சுப் போடுங்க. இல்லேன்னா வேற ஆள் போடுவான்."

போடத்தான் போடுவான். மேஸ்திரி தன் கையாலேயே உடைத்தார், தன் கையாலேயே போட்டார். பாழாய்ப்போன கை! வெறுப்போடு செய்தும் வேலை கெடவில்லை. ஒரு சொட்டு நிற்கவில்லை.

"ஏன்டா முகம் வாட்டமா இருக்கு?" என்றாள் அக்கா, அன்று சாயங்காலம்.

"செய்யற தொழில் மூஞ்சியில ஒட்டிக்கிச்சுக்கா."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த பெருமழைக்குத் தண்ணீர் ஜன்னலைத் தொட்டது. கொஞ்சம் வடிந்ததும் மகன் வேனோடு வந்து நின்றான். அக்கா இஸ்திரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரி பக்கெட்டால் இறைத்துக்கொண்டேயிருந்தார்.

"ஊருக்கெல்லாம் வாட்டம் பாத்துக் குடுக்கறே. எனக்கும் ஒரு தடவை பாத்துக் குடுடா. நான் இங்கேயே இருந்துக்கறேன்."

அவர் பக்கெட்டைக் கீழே விட்டார்.

"வாட்டம் குடுக்கணும்னா தண்ணி போறதுக்கு இதைவிடப் பள்ளமா ஒரு இடம் வேணும்க்கா. உன் வீட்டுக்குக் கீழே எதுவும் இல்ல."

அக்கா இஸ்திரிப் பெட்டியை மகனிடம் நீட்டினாள்.