புகைந்த பையும் நடத்துநரும்

திருச்சி பஸ்ஸில்தான் அந்த நடத்துநரைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. ஒவ்வொருவருக்கும் டிக்கெட் கொடுக்கும்போதும், "தூங்குங்க, எடம் வந்ததும் எழுப்புறேன்" என்றார்.

என் லேப்டாப் பேட்டரி ஒரு வாரமாக உப்பியிருந்தது. இனிமேல் சார்ஜ் போடாதீர்கள், உடனே மாற்றுங்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆய்வேட்டை முடிக்கும் அவசரத்தில் நான் கேட்கவில்லை. அன்று காலையிலும் சார்ஜ் போட்டேன். கீரனூர் தாண்டியதும் மடியிலிருந்த லேப்டாப் பை சுட்டது. பிறகு சீறிக்கொண்டு புகை வந்தது.

நடத்துநர் விசிலடித்து வண்டியை நிறுத்தி, பையைப் பிடித்தார். நான் விடவில்லை.

"எடுக்காதீங்கண்ணே. மீமிசல் மீனவப் பொம்பளைங்க பேசுனதெல்லாம் இதுலதான் பதிஞ்சு வச்சிருக்கேன். வேற காப்பி இல்ல. அதுல ரெண்டு பேரு இப்ப உசிரோட இல்லண்ணே."

"வண்டியில பச்சப்புள்ள இருக்கும்மா. விடுங்க."

பிடுங்கிக்கொண்டு இறங்கி ஓடிப் பொட்டலில் எறிந்தார். விழுந்த இடத்திலேயே தீப்பிடித்தது. எடுக்க ஓடிய என்னைக் குறுக்கே நின்று தடுத்தார். "அங்கிட்டுப் போகாதீங்க, இன்னும் வெடிக்கும்."

அழுதுகொண்டே அவரைத் திட்டினேன். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நீட்டிய உள்ளங்கை முழுதும் கொப்புளம்.

அந்தக் கை எப்போது ஆறியதோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.