முன்னால் என்ன கொடுக்கிறார்கள்?

கேய்னர் ஓல்ட்ராய்டு டீச்சர் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பேசாமல் இருந்தார் என்றால் கார்ஸ்லி ஊரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அவர் காரில் ஏறி உட்கார்ந்தால் வழி சொல்லும் இயந்திரமே வாயை மூடிக்கொள்ளும். அந்த லங்காஷயர் வட்டாரத்து மழைகூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பெய்யும் என்பார்கள். ஆனாலும் அது நடந்தது.

வம்பு முந்தைய வருஷமே தொடங்கிவிட்டது. டீச்சர் நடத்துவது புவியியல். கூரை போட்ட பழைய சந்தையை இடித்துவிட்டு நகராட்சி கட்டிய, கண்ணாடிக் கடைகள் சூழ்ந்த சதுக்கத்துக்கு மேல்வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போய், ஊரைப் புதுப்பித்ததில் யாருக்கு என்ன லாபம் என்று ஆராய வைப்பார். அறிக்கையைப் பிள்ளைகள் தாங்களாகவே எழுத வேண்டும். ஆசிரியர் வழி காட்டலாம், ஊட்டிவிடக் கூடாது. டீச்சரோ சதுக்கத்தைப் பார்த்ததும், "புதுப் பல்செட் மாட்டிக்கிட்டு சிரிக்கிற மாமியார் மாதிரி இருக்கு" என்று சொல்லிவைத்தார். அந்த மாமியார் அத்தனை அறிக்கைகளிலும் வந்து சிரித்தாள். திருத்தியவருக்குக் கண் இருந்தது.

இன்னொரு முறை டீச்சரின் வாக்கியம் பிள்ளைகளின் தாளில் எட்டிப் பார்த்தால் களப்பணிப் பொறுப்பு, புவியியல் துறைத் தலைவர் ரிம்மருக்குப் போய்விடும். டீச்சருக்கு, தண்டனை பெற்ற பிள்ளைகளை உட்காரவைக்கும் அறையில் காவல் வேலைதான். களப்பணி நாளுக்காகவே வருஷம் முழுவதும் மற்ற நாட்களைப் பொறுத்துக்கொள்பவர் அவர். ஆகவே பல்லோடு பல்லை ஒட்டவைக்கும் கறுப்பு டாஃபி ஒரு பை வாங்கினார். சதுக்கத்தில் இறங்கியதும் ஒன்றை வாயில் போட்டு அடைத்துக்கொண்டார். காவலுக்கு ரிம்மரும் கூடவே வந்திருந்தார்.

சதுக்கம் வழக்கம்போல வெறிச்சென்று கிடந்தது. புறாக்கள்கூட ஏதோ அவசர வேலை இருப்பதுபோல வேகமாக நடந்து கடந்தன. தூறல் விழவே, பிள்ளைகள் எழுதும் அட்டைகளோடு ஓடிப்போய், வாடகைக்கு ஆள் வராமல் பூட்டிக் கிடந்த கடையின் கூரைக்கடியில் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். அங்கிருந்தபடியே வருகிற போகிறவர்களை எண்ணத் தொடங்கினார்கள்.

கடைசியில் நின்றவள் ஸுனைரா. அவளுக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒரு கிழவர் வந்து நின்றார். கிழவருக்குப் பின்னால் குழந்தை வண்டியோடு ஒரு பெண். அவளுக்குப் பின்னால் இரண்டு தபால்காரர்கள். வரிசை என்று ஒன்றைப் பார்த்துவிட்டால், எதற்கு என்று கேட்காமல் கடைசியில் போய் நிற்பதுதான் அந்த ஊரில் மரியாதை. சற்று நேரத்தில் வரிசை நீரூற்றைச் சுற்றி வளைந்தது.

"மிஸ், இங்க ஈ காக்கா வராதுன்னீங்க. திருவிழாக் கூட்டமா இருக்கே?" என்றான் வரிசையின் முதல் ஆளான டெக்லன்.

ரிம்மர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். "சதுக்கம் பிச்சு உதறுது. எழுதிக்கோங்கப்பா."

டீச்சருக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாக்கு துடித்தது. டாஃபி விடவில்லை. புருவத்தை உயர்த்தி வரிசையின் வாலைக் காட்டினார்.

"மிசஸ் ஓல்ட்ராய்டு, புருவத்தால சொல்றதும் உதவிதாங்க" என்றார் ரிம்மர்.

டீச்சர் புருவத்தை இறக்கிவிட்டு இன்னொரு டாஃபியைப் போட்டுக்கொண்டார். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. பிள்ளைகள் இதை நம்பி எழுதினால் அறிக்கை பாழ். வாயைத் திறந்தாலோ களப்பணி பாழ். ஆத்திரத்தில் கடித்த கடியில் கடைவாயில் கட்டிய பல் கழன்று டாஃபியோடு போய் ஒட்டிக்கொண்டது. அதற்கும் அவர் சத்தம் போடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஸுனைரா சிப்ஸ் வாங்கப் போனாள். வரிசை மொத்தமும் ஓர் அடி முன்னால் நகர்ந்தது. திரும்பி வந்தவளைக் கிழவர் மறித்தார்.

"கண்ணு, பின்னால போ. நாங்கல்லாம் நிக்கல?"

"நான் இங்கதான் நின்னேன் தாத்தா. நீங்க எதுக்கு நிக்கிறீங்க?"

"முன்னால போனாத் தெரியும்."

"முன்னால நிக்கிறது எங்க டெக்லன். அவன்கிட்ட ஒண்ணும் கிடையாது. பேனாகூட என்னோடது."

கிழவர் யோசித்தார். பிறகு அவள் பொட்டலத்திலிருந்து ஒரு சிப்ஸை எடுத்துக்கொண்டார். "வரிசை நல்லாத்தான் இருக்கு. எதுக்குன்னுதான் தெரியல."

ஸுனைரா அட்டையைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள். "டேய் டெக்லன், நாம எண்ணினது நம்ம வாலைடா."

டெக்லன் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் வானத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் பிள்ளைகளே கூடிப் பேசினார்கள். கணக்கைத் தூக்கி எறிய வேண்டாம், வரிசையையே விசாரிப்போம் என்று முடிவாயிற்று. ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் இப்போது கிழவர்தான் முதல் ஆள், நகரவில்லை. முன்னால் என்ன கொடுத்தால் நல்லது என்று கேட்டதற்குச் சூடான தேநீர் என்றார் ஒருவர், முதுகு சாய ஒரு பெஞ்சு என்றார் இன்னொருவர். சந்தையை இடித்த பிறகு பார்க்காத மச்சினியை வரிசையிலேயே பார்த்துவிட்டதால் தனக்கு இனிமேல் ஒன்றும் வேண்டாம் என்றார் கிழவர்.

அறிக்கைகள் வந்ததும் ரிம்மர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். ஒருவர் முடிவு இன்னொருவருடையது போல இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் ஒரு வாக்கியம் இருந்தது. ரிம்மரின் முகம் மலர்ந்தது.

"'வரிசை நல்லாத்தான் இருக்கு, எதுக்குன்னுதான் தெரியல.' இது உங்க வாய்தானே மிசஸ் ஓல்ட்ராய்டு?"

"கீழ படிங்க. 'வரிசையில் நின்ற முதியவர் கூறியது'ன்னு ஒவ்வொண்ணுலயும் இருக்கு. அப்ப என் வாய் எங்க இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? பக்கத்துலதானே நின்னீங்க?"

ரிம்மர் பேனாவை மூடினார்.

களப்பணி டீச்சரிடமே தங்கிவிட்டது. பல் மட்டும் தங்கவில்லை. மறுபடி கட்டப் போனபோது, பல் மருத்துவரின் இரண்டு விரல்கள் வாய்க்குள் இருக்க, டீச்சர் இந்தக் கதையை ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். மருத்துவரும் ஊர்க்காரர்தான். முன்னால் என்ன கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் விரலை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.