எச்சிலால் துடைத்த முகம்

என் தங்கைக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம், "துப்புற வேலை" என்று சொல்லிவிடுவேன். பொய்யில்லை. அருங்காட்சியக மாடியில், பழைய ஓவியங்களின் மேல் படிந்த அழுக்கை அவள் எடுப்பது பெரும்பாலும் எச்சிலால்தான். குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் ஒற்றி, ஓவியத்தின் மேல் மெல்ல உருட்டுவாள். பஞ்சு கறுத்ததும் அதை எறிந்துவிட்டு அடுத்த குச்சி. வண்ணத்துக்கு நோகாமல் அழுக்கை மட்டும் கரைக்க எச்சிலைப் போல வேறில்லையாம்.

"கருமம், கருமம்!" என்பேன். நான் அப்படி. என் டம்ளரில் இன்னொருவர் வாய் வைத்துவிட்டால் அன்றைக்கு எனக்குத் தண்ணீர் இறங்காது.

போன வருடமெல்லாம் அவள் ஒரே ஓவியத்தோடு இருந்தாள். ஜன்னலோரம் யாரோ ஒரு பெண். எப்போதோ ஒரு தீ விபத்தில் புகை குடித்து முழுக்கக் கறுத்திருந்தது. முதலில் ஒரு கை வந்தது. அப்புறம் பச்சை மேலாடை. சாப்பிடும்போது தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரி சொல்வாள்: "இன்னைக்குக் கழுத்து வந்துச்சுக்கா." முகத்தை மட்டும் கடைசிக்கென்று வைத்திருந்தாள்.

அதற்குள் இவள் கழுத்தில் கட்டி. கதிர்வீச்சு சிகிச்சையில் கட்டி கரைந்தது. கூடவே வாயில் ஊறும் எச்சிலும் வற்றிவிட்டது. வேலைக்குத் திரும்பிய அன்று துணைக்கு நானும் போனேன். நாக்கில் வைத்த பஞ்சு காய்ந்தபடியே வெளியே வந்தது. பாட்டிலில் இருந்த கரைசலை ஓவியப் பெண்ணின் உதட்டோரம் தொட்டுப் பார்த்தாள். அழுக்கோடு உதட்டுச் சிவப்பும் சேர்ந்து கரைந்தது. பக்கத்து மேஜைக்காரர் தன் எச்சிலைத் தருவதாகப் பெருந்தன்மையாக வாயைத் திறந்தார். ஒரே சிகரெட் நாற்றம்.

"ஐயோ, வேண்டாம் சார்!"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "இந்தப் படத்தை வேற ஊருக்கு அனுப்பச் சொல்லிட்டாங்கக்கா. நாளைக்குப் பெட்டி வருது. அவ கண்ணை நான் பார்க்கவே மாட்டேனா?"

அழுதிருந்தால் திட்டியிருப்பேன். அழவில்லை. போய் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"குச்சியைக் குடுடி."

"உனக்குத்தான் எச்சில்னாலே ஆகாதே!"

"அது அடுத்தவங்க எச்சில். இது என்னோடது."

சிகரெட்காரர் சிரித்துக்கொண்டே போய் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி வந்தார்.

நான் நனைத்துக் கொடுக்க, அவள் உருட்டினாள். வெயில் மேஜையிலிருந்து தரைக்கு இறங்கி, சுவரில் ஏறியது. எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. புகைக்குள்ளிருந்து ஒரு நெற்றி வந்தது. அப்புறம் புருவம். தூரத்திலிருந்து யாரோ அவசரமில்லாமல் எங்களை நோக்கி நடந்து வருவது போலிருந்தது. பிறகு ஒரு கண். பழுப்புக் கண். எங்களையே பார்த்தது.

"வந்துட்டாக்கா..."

கைக்கு அகப்பட்ட என் தண்ணீர் பாட்டிலை எடுத்து, வாய் வைத்து மடமடவென்று குடித்தாள். பாதியில்தான் பதறினாள். "ஐயய்யோ, வாய் வெச்சிட்டேனே!"

"வெச்சா என்னடி இப்ப?" என்று பிடுங்கி, மிச்சத்தை நான் குடித்தேன். எனக்கும் வாய் வறண்டிருந்தது. இன்னும் ஒரு கண் பாக்கி இருந்தது.