எரியாமல் பார்த்துக்கொள்ளும் வேலை

நெருப்போடு பிழைக்கிறவர்கள் எல்லாரும் அதை எரியவைக்கச் சம்பளம் வாங்குவார்கள். நான் எரியாமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கியவன். ரயில் எஞ்சினுக்குக் கரி தள்ளுகிறவரோ சாப்பாட்டுக் கடை அடுப்படியில் வேகிறவரோ இதைப் படித்தால், நமக்காவது சுடர் என்று ஒன்றைப் பார்க்கக் கொடுத்துவைத்ததே என்று சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள்.

மலாயாவில் சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் புகைக்கூடுதான் என் ராஜ்ஜியம். பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்துப் பிழிந்து, வெள்ளை வெளேரென்று ஷீட்டுகளாக அங்கே கொண்டுவருவார்கள். மேலே கம்புகளில் அவை வரிசையாகத் தொங்கும். கீழே குழியில் நான் விறகைப் புகையவிடுவேன். நாலைந்து நாளில் ஷீட் தேன் நிறத்துக்கு வந்துவிடும். நடுவில் சுடர் கிளம்பினால் ஷீட் கொப்புளித்துக் கெட்டுப்போகும். மேலே பற்றிக்கொண்டால் கூடே போய்விடும்.

அந்தப் பயத்தில் புகைக்கூட்டை, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு எட்டாத தூரத்தில் கட்டியிருந்தார்கள். கூட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டிய என்னையும் அதன் பக்கத்திலேயே ஓர் அறையில் குடிவைத்துவிட்டார்கள். பேச்சுத்துணைக்கு விறகுதான். அதிலும் ஈர விறகு மட்டும்தான் கொஞ்சம் சத்தம் கொடுக்கும்.

பஸ்ஸில் தீ

மாதம் ஒரு தடவை பத்து பாகாட் டவுனுக்குப் பஸ்ஸில் போவேன். பெரிதாக வேலை ஒன்றும் கிடையாது. நாலு மனிதர்களின் நடுவில் உட்கார்ந்து வரலாம் என்கிற ஆசைதான். ஆனால் நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பக்கத்து இருக்கை காலியாகும், பிறகு முன் இருக்கை, பிறகு பின் இருக்கை. என்னைச் சுற்றி மட்டும் பஸ் எப்போதும் வசதியாக இருக்கும்.

ஒரு நாள் ஆயர் ஹீத்தாம் தாண்டியதும் ஒரு மலாய்க்காரர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு "அப்பி! அப்பி!" என்று கத்தினார். தீ என்றால் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்? எல்லாரும் குதித்து இறங்கினோம். டிரைவர் எஞ்சின் மூடியைத் தூக்கிப் பார்த்தார், பெட்ரோல் குழாயைத் தடவிப் பார்த்தார், சக்கரத்தை முகர்ந்துகூடப் பார்த்தார். எங்கும் ஒன்றும் இல்லை. கண்டக்டர் ஒவ்வோர் ஆளாக முகர்ந்துகொண்டே வந்து என் முன்னால் நின்றான். நம்ம ஆள்தான். கோபப்படாமல், ரொம்ப மரியாதையாகச் சொன்னான்:

"அண்ணே, நீங்க எறங்கினப்புறம் ஒரு குரல் குடுங்க. வண்டி நல்லா இருக்கா இல்லையான்னு அப்பத்தான் எங்களுக்கே தெரியும்."

தவுக்கே கொண்டுவந்த புகை

கூட்டுக்கு விறகு கொண்டுவந்து போடுகிறவர் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி. மழைக்காலம் வந்தால் அவர் கொண்டுவரும் கட்டைகளைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் எடுக்கலாம். ரொம்பக் காய்ந்த விறகு எனக்கு ஆகாது, சுடர்விடும். ரொம்ப ஈரமும் ஆகாது, ஷீட்டில் கரி படியும். பாதி காய்ந்ததாக வேண்டும் என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. மனிதர் தலையை ஆட்டிவிட்டுப் போவார், அடுத்த வண்டியும் சொட்டச் சொட்டவே வரும்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் சண்டைக்கே போய்விட்டேன். உண்மையைச் சொன்னால், சண்டை போடவாவது ஓர் ஆள் வந்தாரே என்று உள்ளுக்குள் சந்தோஷம்தான். அதனால் கொஞ்சம் நீட்டித்தே போட்டேன். தவுக்கே சுருட்டை வாயிலிருந்து எடுக்காமல் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மலாயில் 'காயு' என்று அவர் சொல்லும் கட்டை ஒன்றைத் தட்டிக்காட்டி, தமக்குத் தெரிந்த தமிழில் வழக்கை முடித்துவைத்தார்:

"ஒனக்கு வேணும் பொகை. நான் கொண்டாந்தது பொகை லா. காயு சும்மா கூட வந்துச்சு."

கலங்கிய கண்

ஷீட் சுமந்துவரும் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், கம்பில் போட்டுவிட்டு, இருமிக்கொண்டே ஓடிவிடுவார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் ஓடமாட்டாள். பாக்கியம் என்று பேர். கப்பலில் வந்து இரண்டு வருஷத்துக்குள் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள். ஷீட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் இழுத்துவிட்டு, கொஞ்ச நேரம் உள்ளேயே நிற்பாள். வெளியே வந்து, குழியை எட்டிப் பார்த்து, "இன்னிக்கு ஒங்க புள்ள அடங்கி இருக்கா?" என்று நெருப்பை விசாரிப்பாள். நாள் முழுக்க என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவள்தான். அந்த ஒரு கேள்விக்காக நான் விடிந்ததும் முகம் கழுவித் தலைசீவி நிற்க ஆரம்பித்தேன்.

எல்லாரும் ஓடுகிற இடத்தில் நீ மட்டும் ஏன் நிற்கிறாய், புகை கண்ணைக் கரிக்கவில்லையா என்று ஒரு நாள் கேட்டேன். கரித்துத்தான் இருந்தது. இரண்டு கண்ணும் சிவந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முந்தானையால் துடைத்தபடி சொன்னாள்:

"இங்க நின்னு அழுதா, ஏன் அழுவுறேன்னு யாரும் கேக்கமாட்டாங்க."

அம்மனுக்குப் போட்ட புகை

தோட்டத்து மாரியம்மன் கோவில் தீமிதிக்கு, குழி மூட்டுகிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார் கங்காணி. நெருப்பு விஷயத்தில் என்னைவிட ஆள் உண்டா என்று அவர் நினைப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. விரதம் இருந்து, மஞ்சள் துணி கட்டி, முதல் முறையாகக் கூட்டத்துக்கு நடுவில் நின்றேன். யாரும் விலகவில்லை. அன்றைக்கு எல்லார் மேலும் புகை வாசம்தானே.

கட்டைகள் நன்றாகப் பற்றி ஆளுயரத்துக்குச் சுடர் எழுந்தது. கூட்டம் குலவையிட்டது. என் கைக்கு எங்கே அது புரிகிறது? சுடரைக் கண்டால் அமுக்கிப் பழகிய கை! நான் உணர்வதற்குள், பந்தலுக்கு வெட்டி மிச்சமாகக் கிடந்த பச்சைக் கிளைகளை அள்ளி நெருப்பின்மேல் போட்டுவிட்டது. குபுகுபுவென்று புகை கிளம்பி அம்மனை மறைத்தது, மேளக்காரரை மறைத்தது. நாதஸ்வரக்காரர் இருமலை வாசித்தார். அவ்வளவு கூட்டத்திலும் பாக்கியம் சிரிக்கிற சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. கங்காணி கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார்:

"ஆத்தாளையும் ஷீட்டுன்னு நெனச்சிட்டியாடா? விட்டா நாலு நாள்ல தேன் நெறத்துக்குக் கொண்டாந்துருவ போலிருக்கே!"

மூன்று சோப்புக் குளியல்

பிறகு ரப்பர் விலை விழுந்த காலம் வந்தது. பாதி மரங்களைப் பால் வெட்டாமல் போட்டார்கள். கூட்டில் பாதிக் கம்புகள் காலியாகக் கிடந்தன. வேலை இல்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பாக்கியத்தின் அண்ணன் குடும்பமும் கிளம்புகிறது என்று கேள்விப்பட்ட அன்றைக்கு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் போய்விட்டால் அந்தக் கூட்டுப் பக்கம் மனிதக் குரலே கேட்காது. அவளைக் கட்டிக்கொள்கிறேன், இங்கேயே விட்டுப் போங்கள் என்று கேட்டுவிடுவதென்று முடிவு செய்தேன்.

சோப்பு போட்டுக் குளித்தேன், எலுமிச்சை தேய்த்துக் குளித்தேன், மறுபடியும் சோப்பு போட்டுக் குளித்தேன். சலவை வேட்டி கட்டிக்கொண்டு லயத்துக்குப் போனேன். அண்ணன் நல்ல மனிதர். பாய் போட்டு, காப்பி கொடுத்து, முழுக்கக் கேட்டார். வேறு வேலைக்குப் போய்விடுகிறேன் என்றுகூடச் சொன்னேன். அந்த வருஷத்தில் வேறு வேலை எங்கே இருந்தது? அது அவருக்கும் தெரியும். கதவுக்குப் பின்னால் பாக்கியம் நின்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"ஒங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க. ஆனா அவ புருஷன எரிச்சிட்டு வந்தப்ப எங்க எல்லார் மேலயும் அடிச்ச வாசன இதான். மறுபடியும் அத வீட்டுக்குள்ள கூப்புட எனக்கு மனசு வரலீங்க."

லாயாங் லாயாங் ஸ்டேஷன்

அவர்கள் கிளம்புவதற்கு முதல் நாள், கூட்டின் மூலையில் உயரமான கம்பில் ஷீட்டுகளுக்குப் பின்னால் ஒரு சேலை தொங்குவதைப் பார்த்தேன். நீலத்தில் வெள்ளைப் புள்ளி. பாக்கியத்தின் நல்ல சேலை. மழையில் நனைந்ததைக் காயப்போட்டு மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். எத்தனை நாள் தொங்கியதோ, என்னைப்போலவே நாறியது. அண்ணன் சொன்ன வார்த்தை நெஞ்சில் குத்தியது. இதை உடுத்திக்கொண்டு அவள் எப்படிக் கப்பலேறுவாள்? வெந்நீரில் ஊறவைத்து, சோப்பு போட்டு, அலசி, மறுபடி ஊறவைத்து, துளி வாசம் இல்லாமல் போனபிறகே காற்றில் உலர்த்தினேன். அதே தண்ணீரில் என் வேட்டியையும் தலைத்துண்டையும் துவைத்துக்கொண்டேன். ஸ்டேஷனில் நான் பக்கத்தில் நின்றால் அவளுக்கு அவமானமாக இருக்கக்கூடாதே.

லாயாங் லாயாங் ஸ்டேஷனில் ஒரே கூட்டம். மூட்டைகளுக்கு நடுவில் அவளைக் கண்டுபிடித்து, "மறந்துட்டியேம்மா" என்று சேலையைக் கொடுத்தேன். அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. முகத்தில் வைத்து ஆழமாக மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். அவள் முகம் விழுந்துபோனதைப் பார்த்தபிறகுதான் இந்த மரமண்டைக்கு உறைத்தது. அவள் மறந்து வைத்துவிட்டுப் போகவில்லை. அந்த வாசத்தைக் கொண்டுபோவதற்காகத் தொங்கவிட்டிருக்கிறாள்.

ரயில் ஊதிவிட்டது. அண்ணன் வண்டிக்குள்ளிருந்து கூப்பிட்டார். பாக்கியம் சட்டென்று கையை நீட்டி என் தோளில் கிடந்த துண்டை இழுத்து, அதையும் முகத்தில் வைத்துப் பார்த்தாள். புகையே இல்லாத இடத்தில் அவள் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"ஐயோ, இதையுமா தொவச்சிட்டு வந்தீங்க?"

சம்பளம் கொடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது: எந்த நெருப்பையும் எரியாமல் பார்த்துக்கொள்வதில் அந்த வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.