பத்திரிகையில் போட்ட பட்டம்

ராமாத்தாள் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள். அத்தை மகன் வேலுமணியைக் கட்டிக்கொண்டு தொண்ணூற்று நான்கில் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஹூஸ்டன் வந்தாள். அங்கே அவன் வேதியியலில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தான்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள், பால் வாங்கப் போன வழியில் சலவைக் கடை முன்னால் அவன் காரைப் பார்த்தாள். உள்ளே அவன், ஸ்டியரிங்கில் கை வைத்தபடி. மணி பதினொன்று. மறுநாளும் போய்ப் பார்த்தாள். அதற்கு மறுநாளும். பிறகுதான் கேட்டாள்.

"லேபுக்குப் போயி நாலு மாசமாச்சு புள்ள. புரொபசர் வேற ஊருக்குப் போயிட்டாரு. புதுசா வந்தவர் மொதல்ல இருந்து ஆரம்பிங்கறாரு. அந்தக் கதவப் பாத்தாலே நெஞ்சு அடைக்குது."

மாடிவீட்டு யாழ்ப்பாணத்துக்காரி பவதாரணிதான் வழி சொன்னாள். "மனசு சரியில்லாட்டிக் கதைக்கிறதுக்குக் கேம்பஸிலயே கவுன்சிலர் இருக்கினம். எத்தினை பேர் போறவை, பயப்படாதேங்கோ." நேரமும் அவளே வாங்கித் தந்தாள். வியாழன் பத்து மணி. பத்து நாள் கெஞ்சிய பிறகு வேலுமணி தலையாட்டினான்.

புதன்கிழமை அவன் தங்கையின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. அண்ணன் பெயர் தடித்த எழுத்தில்: டாக்டர் வேலுமணி, பிஎச்.டி., அமெரிக்கா.

வேலுமணி சிரித்தான். "டாக்டரே டாக்டர்கிட்டப் போறதா? கேன்சல் பண்ணச் சொல்லு."

அவள் சொல்லவில்லை. வியாழன் காலையில் மாமனாருக்குப் போன் போட்டாள். அவரிடம் நலம் விசாரிப்பதற்கு மேல் பேசியதே இல்லை.

"மாமா, அவருக்கு இன்னும் பட்டம் வரலீங்க. மனசு ஒடஞ்சு கெடக்கறாருங்க. நீங்க ஒரு வார்த்தை, பரவால்லைன்னு சொல்லுங்க."

"ஊரெல்லாம் பத்திரிகை வச்சாச்சே அம்மிணி. சம்பந்தி ஊட்டுல என்ன நெனப்பாங்க? கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் மூச்சு விட்றாத. அவன் கெட்டிக்காரன், முடிச்சிருவான்."

திரும்பினால் வேலுமணி செருப்பு மாட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"என்னங்கறாரு?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. சொன்னாள்.

"கல்யாணம் வரைக்குந்தான புள்ள." சோற்று டப்பாவை வாங்கிக்கொண்டு இறங்கினான். கார் சலவைக் கடைப் பக்கம் திரும்பியது.

அவள் வெயிலில் நாற்பது நிமிடம் நடந்தாள். கவுன்சிலர் அறை வாசலில், ஓர நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்து மணிக்கு ஒரு பெண் கதவைத் திறந்து, அவன் பெயரை எழுத்துக்கூட்டிக் கூப்பிட்டாள். இங்கிலீஷில் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று ராமாத்தாளுக்குத் தெரியவில்லை. எழுந்து நின்றாள்.